சமகால வங்காளப் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

வங்காளப் படங்களுக்குக் கொல்கத்தா, டாக்கா என இரண்டு தாய்வீடுகள் உண்டு என்பதால், இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து பாருங்கள்.

முதலில், ஆதித்ய விக்ரம் சென்குப்தா 2014இல் இயக்கிய 'ஆஷா ஜாவார் மாஜே'. பகலில் மனைவியும் இரவில் கணவனும் வேலைக்குச் செல்வதால், இருவரும் ஒருவரையொருவர் காண்பதே அரிதாகிவிட்ட ஒரு வீட்டின் கதை இது. ஏறத்தாழ உரையாடலே இல்லை. வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய வீடென்றால் யன்னல்களைச் சாத்தி, ஹெட்போனுடன் பாருங்கள். ஏனெனில் இப்படம் தெருவோசைகளாலும் வீட்டின் சிறு அசைவுகளாலுமே பேசுகிறது. அடுப்பிலிட்ட தாச்சியின் ஈரம் மெல்ல உலர்வதை, அவசரப்படாமல், முழுவதுமாகப் பார்த்திருங்கள்.

அடுத்து, அப்துல்லா மொஹம்மத் சாத் இயக்கிய 'ரெஹானா மரியம் நூர்'. 2021இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் அதிகாரபூர்வத் தெரிவில் இடம்பெற்ற முதல் பங்களாதேஷ் படம் இதுவே. மருத்துவக் கல்லூரி ஆசிரியை ஒருவரைக் கைக்கமெரா விடாமல் பின்தொடர, நீலம் தோய்ந்த நடைகூடங்கள் நம்மையும் மூச்சுமுட்ட வைக்கின்றன.

உபதலைப்புகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வங்காளத்தில் துயி, துமி, ஆப்னி என்று முன்னிலை மூன்று படிகளில் அமைகிறது. ஆங்கில உபதலைப்பு மூன்றையும் ஒரே சொல்லாக்கிவிடுகிறது. நீ, நீர், நீங்கள் என்று இன்றும் பேசும் நமக்கோ அந்த வேறுபாடு உடனே பிடிபடும். ஆப்னியிலிருந்து துமிக்கு ஒருவர் இறங்கும் கணத்தைச் செவியால் பிடியுங்கள்; அவ்விருவரின் உறவு மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.