முன்னிலையில் இருக்கும்போது பின்வாங்காதீர்கள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்தில் பார்க்கவே மனம் பொறுக்காத தோல்வி ஒன்று உண்டு. ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும் பையன், கடைசி 2 நிமிடச் சுற்றில் விளிம்பை நோக்கி நழுவிக்கொண்டே இருப்பான். 'ஸ்டாலிங்', அதாவது மோதாமல் நேரம் கடத்துவது, என்று நடுவர் முதலில் எச்சரிப்பார். அடுத்த முறை எதிராளிக்கு 1 புள்ளி. ஐந்தாவது முறை தகுதி நீக்கம்.

சரி, என்ன செய்யலாம்? எதிராளி நெருக்கி வரும்போது பின்னால் போகாமல் பக்கவாட்டில் ஓரடி வைத்து நடுவட்டத்துக்குத் திரும்புங்கள். கழுத்தைப் பிடித்துச் சட்டென்று கீழே இழுங்கள். தலையை அவன் நிமிர்த்தும் அந்த நொடியில், முழங்காலை மடக்கித் தாழ்ந்து முன்காலைக் கவ்வுங்கள். பிடி நழுவினால் பரவாயில்லை, உடனே அடுத்ததற்குப் போங்கள். ஒப்புக்குக் காலைத் தொட்டுவிட்டு விலகுவதையும் நடுவர் ஸ்டாலிங் என்றே எடுத்துக்கொள்ளலாம்.