மரக்கன்று நடும் முன் மண்ணை முளைக்கவைத்துப் பாருங்கள்

சென்னையில் ஒரு காலி மனையையோ ஏரிக்கரையையோ பசுமையாக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது ஜேசிபிதான். மேல்மண்ணை வழித்துத் தள்ளிவிட்டு, லாரியில் செம்மண் கொட்டி, கன்று நடுகிறோம். தள்ளிய அந்த மண்ணில்தான் அந்த இடத்துக்கே உரிய புல், பூண்டு, கோரைகளின் விதைகள் உயிரோடு கிடந்திருக்கும். மண் விதை வங்கி என்பது அதைத்தான். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

விதை எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க, 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்தார். 2021இல் தோண்டியெடுத்த பாட்டிலிலும் சில விதைகள் முளைத்தன. எல்லா விதைக்கும் இந்த ஆயுள் கிடையாது. வேப்பங்கொட்டையும் நாவல்கொட்டையும் சில வாரங்களிலோ மாதங்களிலோ செத்துவிடும்.

உங்கள் இடத்து மண்ணில் எது இருக்கிறது, எது இல்லை? மொட்டைமாடியிலேயே பார்த்துவிடலாம்.

1. மண் எடுப்பது

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் வாக்கில் எடுங்கள். கோடையைத் தாண்டியும் பிழைத்த விதைகள் அப்போது மண்ணில் இருக்கும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 7 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டை 5 செ.மீ. ஆழம் இறக்குங்கள். பெரும்பாலான விதைகள் இந்த மேலடுக்கிலேயே இருக்கும். ஒரே இடத்தில் நிறைய அள்ளாமல், பரவலாகப் பத்து இடங்களில் எடுங்கள். விதைகள் திட்டுத்திட்டாகத்தான் கிடக்கும்.

மனை யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கம் அனுமதியில்லாமல் கை வைக்கவே கூடாது.

2. தட்டு தயாரிப்பது

கட்டிகளை உடைத்து, கல், வேர், கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். கிழங்கிலிருந்து வரும் கோரையை விதைக் கணக்கில் சேர்த்தால் முடிவு தப்பாகிவிடும்.

அடியில் ஓட்டையுள்ள இரண்டு மூன்று அகலத் தட்டுகளில், வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவைத்த மணலை 3 செ.மீ. பரப்புங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. அதன்மேல் எடுத்த மண் முழுவதையும் 1 செ.மீ.க்கு மிகாமல் மெல்லியதாகப் பரப்புங்கள். சின்ன விதைகள் பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைப்பு வரும். தடிமனாகக் கொட்டினால் அடியில் இருப்பவை அப்படியே தூங்கும்.

இன்னொரு தட்டில் கொதிக்கவைத்த மணல் மட்டும் இருக்கட்டும். அதில் முளைப்பவை காற்றிலோ தண்ணீரிலோ வந்தவை. இந்தத் தட்டைத் தவிர்த்துவிடாதீர்கள், மாடியில் எந்நேரமும் விதை பறந்துகொண்டேதான் இருக்கும். புறா கிளறாமல் இருக்க எல்லாவற்றையும் கொசுவலையால் மூடுங்கள்.

3. தண்ணீர்

தினமும் தெளியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பிடித்துவைத்த மழைநீர் நல்லது. ஏரிக்கரை மண்ணென்றால் பாதியை ஓட்டையில்லாத தட்டில் போட்டு, எப்போதும் நீர் நிற்கும்படி வையுங்கள். ஈரத்தில் முளைப்பவையும் தேங்கிய நீரில் முளைப்பவையும் வேறு வேறு.

4. எண்ணுவது

குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி போன்றவை அடையாளம் தெரிந்ததும் எண்ணிக் குறித்துக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். தெரியாததைத் தொட்டிக்கு மாற்றிப் பூக்கும்வரை வளருங்கள். முளைப்பது நின்றதும் சில நாள் காயவிட்டு, மண்ணைக் கிளறி, மறுபடி நனையுங்கள். அப்புறமும் ஒரு சுற்று வரும். இரண்டு மூன்று மாதம் ஆகும், பொறுங்கள்.

7 செ.மீ. குழாயில் பத்து இடம் என்றால் மொத்தப் பரப்பு சுமார் 385 சதுர செ.மீ. அதில் 60 நாற்று வந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,560.

5. முடிவைப் படிப்பது

உள்ளூர்ப் புல்லும் பூண்டும் நிறைய வந்தால், அங்கே மண்ணைத் தொடாதீர்கள். மழை பெய்தால் தானாக வரும். மர நாற்று அநேகமாக வராது. அவற்றை மட்டும் நடுங்கள். ஆவாரை, தகரை மாதிரி கடினத் தோலுள்ளவை தட்டில் வராவிட்டாலும் மண்ணில் இருக்கலாம், இல்லையென்று எழுதிவிடாதீர்கள்.

சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் தலைகாட்டினால் ஒருமுறை வெட்டி முடித்துவிட முடியாது, அவற்றின் விதைகள் பல ஆண்டு மண்ணில் காத்திருக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் போய், பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பார்த்தீனியத்துக்குக் கையுறை கட்டாயம்.