தாளம் இல்லாத இருபது நிமிடங்கள்

மாத இறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்களில், கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடத்து ரயிலில் நின்றபடியே பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பிப் படுத்தாலும், எண்கள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு உறக்கம் வருவதில்லை. பினாங்கில் தாதியாக இரவுப் பணி செய்யும் என் அக்காவுக்கும் இதே தொல்லைதான். இருவரும் பாடல்களைப் பகிர்ந்துகொண்டோம்; ஆனால் பாட்டின் சொற்களை மனம் பின்தொடர்ந்தது, கச்சேரிப் பதிவிலோ கண் செருகும் நேரத்தில் மிருதங்கம் தனித்து முழங்கும் தனி ஆவர்த்தனம் எழுப்பிவிட்டது.

ஆகவே தாளமே சேராமல் ராகத்தை மெல்ல விரிக்கும் ஆலாபனையை மட்டும், அதுவும் வீணையில் வாசித்ததைத் தேடி எடுத்தேன். 29ஆவது மேளகர்த்தாவான (தாய் ராகமான) சங்கராபரணத்தில் பிறந்த நீலாம்பரியைத் தாலாட்டு ராகம் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சன்று. அதன் நீண்ட, அசைந்தாடும் கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, கேட்கக் கேட்க என் மூச்சே மெதுவாவதை உணர்ந்தேன். இடையில் விளம்பரம் அலறாதிருக்க, அக்காவையும் அதைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொல்லி, அடுத்த பாடல் தானாக ஓடுவதை நிறுத்தி, இருபது நிமிடத்தில் ஒலி அடங்கும்படி இரு கைப்பேசிகளிலும் நேரம் வைத்தோம்.

“தம்பி, வீணை முடிந்ததே தெரியவில்லை” என்று மறுநாள் அக்கா அனுப்பிய குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.