வைத்தியசாலையில் குழந்தை இறந்தால்: உடலைப் பொறுப்பேற்கும் முன்னும் பின்னும்

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனால் அந்த நேரத்தில் எதையும் யோசிக்க முடியாது. ஆகவே கூட நிற்கும் மாமாவோ சித்தப்பாவோதான் கீழே சொல்பவற்றைச் செய்ய வேண்டும். பிறகு கொழும்பு புதுக்கடையில் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், முதல் நாளில் சேர்த்த ஆதாரம்தான் நிற்கும்.

சிகிச்சையில் தவறு நடந்ததோ என்ற சந்தேகம் இருந்தால் உடலைப் பொறுப்பேற்கக் கையெழுத்துப் போடாதீர்கள். சட்ட வைத்திய பிரேத பரிசோதனை வேண்டுமென்று வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தை வாங்குங்கள். வைத்தியசாலை நோயியல் நிபுணர் உறவினர் சம்மதத்தோடு செய்யும் பரிசோதனை, நோயை அறிவதற்கானது. உங்களுக்குத் தேவை வேறு: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ கட்டளையிட, சட்ட வைத்திய அதிகாரி செய்வது. அன்றே ஜனாஸாவை அடக்க வேண்டிய குடும்பங்கள் இந்தக் கோரிக்கையை முதல் மணித்தியாலத்திலேயே வைக்க வேண்டும். தகனம் செய்தால் ஒன்றும் மிஞ்சாது. அடக்கிய உடலை நீதவான் கட்டளையின் பேரில் தோண்டியெடுக்கலாம், ஆனால் நாள் செல்லச் செல்லக் கிடைக்கும் விடை குறையும்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் பிள்ளை மயங்கியிருந்தால், அதைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனைக்கு முன்பே சொல்லுங்கள். கடும் ஒவ்வாமையால் இறந்த உடலில் பல வேளை கண்ணுக்கு எதுவும் தென்படாது. இரத்த மாதிரியும் மருந்தின் தொகுதி இலக்கமும் (பெட்ச் நம்பர்)தான் துணை. வெற்றுக் குப்பி, சேலைன் பை ஆகியவை குப்பைக்குப் போகுமுன் பொலிஸார் கைப்பற்றும்படி கேளுங்கள்.

அன்றிரவே நேர வரிசையில் எழுதுங்கள். "சரியாகக் கவனிக்கவில்லை" என்பது எதற்கும் உதவாது. "இரவு 9.40, மூச்சு வாங்குகிறது என்று தாதியிடம் அம்மா சொன்னார். 11.15, டொக்டர் முதற்தடவையாக வந்தார்" என்பதுதான் சாட்சியம். வாட்ஸ்அப் செய்தியும் அழைப்புப் பதிவும் நேரத்தை உறுதிசெய்யும், அழிக்காதீர்கள். கிளினிக் புத்தகத்தின் மூலப் பிரதியைக் கொடுக்க நேர்ந்தால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள்.

வார்ட்டில் நோயாளியின் நிலையையும் சிகிச்சையையும் எழுதும் பதிவான பெட் ஹெட் டிக்கட்டைக் குடும்பத்தின் கையில் தரமாட்டார்கள். அதை நீதிமன்றத்தில் முன்வைக்கும்படி சட்டத்தரணி மூலம் விரைவாக நீதவானிடம் கேளுங்கள். அரச வைத்தியசாலையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவப் பதிவுகளுக்கு அச்சட்டத்தில் விதிவிலக்கு உண்டு என்பதால், பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் இணையுங்கள்.

கடைசியாக ஊசி போட்ட தாதியின் தலையிலோ இளம் டொக்டரின் தலையிலோ பழியைக் கட்டி விடயத்தை முடிக்க விடாதீர்கள். பொறுப்பான விசேட வைத்திய நிபுணர் யார், அவருக்கு எத்தனை மணிக்குச் சொன்னார்கள், அன்றிரவு வார்ட்டில் எத்தனை பேர் கடமையில் இருந்தார்கள்? இந்தக் கேள்விகளை எழுதி மரண விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

கெடு தவறுவதால் கைநழுவும் வழக்குகள்தான் மனதை அதிகம் வருத்துகின்றன. அரச வைத்தியசாலைக்கு எதிரான அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். அரசுக்கு எதிராக என்றால் அதற்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். டொக்டருக்கு எதிரான ஒழுக்காற்று முறைப்பாட்டை இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியோடு அனுப்புங்கள். சபை அவருடைய பதிவில் கைவைக்கலாம், நட்டஈடு தராது. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம், ஆனால் அதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும்.

நட்டஈட்டு வழக்கும் இலேசானதல்ல. ஒரு பிள்ளையின் மரணம் தொடர்பாகக் குழந்தை நல வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளியது. தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தத் தவறே மரணத்துக்குக் காரணம் என்றும் காட்ட வேண்டும். அந்த இணைப்பைச் சொல்ல, வேறொரு வைத்தியசாலையைச் சேர்ந்த நிபுணரின் அபிப்பிராயத்தை வழக்குப் போடுமுன் பெறுங்கள். பெற்றோரின் மனவேதனைக்கு நட்டஈடு கிடையாது என்பதும் அதே தீர்ப்பு. இது கொடுமையான நிலை, சட்டம் மாற வேண்டும்.

சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்வரை கையெழுத்திடாதீர்கள், நேரங்கள் நீங்கள் சொன்னபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.