பழைய பிரஸ் டைப் கேஸ்ல காலணாவும் சொப்பு சாமானும் அடுக்கி வைக்கிறது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளுக்குப் போறவங்க தூணு, மரப்பெட்டி, எனாமல் பாத்திரம்னு பார்த்துட்டு வந்துருவாங்க, ஆனா மூலைல சாத்தி வச்சிருக்கிற கட்டம் கட்டமான மரத்தட்டுகளையும் கொஞ்சம் பாருங்க. அது பழைய அச்சாபீஸ் டைப் கேஸ். எழுத்து கோக்கிற கம்பாசிட்டர் ஒவ்வொரு ஈய எழுத்தையும் ஒவ்வொரு அறைல வச்சிருப்பாரு, கண்ணால பார்க்காமலே கை தன்னால அந்த அறைக்குப் போகும். ஆப்செட் அச்சும், கம்ப்யூட்டர்ல எழுத்து கோக்கிற டிடிபியும் வந்ததுக்கப்புறம் எடைக்குப் போட்டது எத்தனையோ, விறகா எரிஞ்சது எத்தனையோ. அதனால கிடைச்சா விடாதீங்க.

இங்கிலீஷ் எழுத்துக்கு ரெண்டு கேஸ் உண்டு, மேல வைக்கிறது பெரிய எழுத்துக்கு, கீழ வைக்கிறது சின்ன எழுத்துக்கு. அப்பர் கேஸ், லோயர் கேஸ்னு இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல சொல்றோமே அது இதுலேர்ந்து வந்ததுதான். மேல் கேஸ்ல 98 அறை ஒரே அளவா இருக்கும், காசு அடுக்க அதுதான் சரி. கீழ் கேஸ்ல அறை பெருசும் சிறுசுமா இருக்கும், அதிகமா வர்ற எழுத்துக்குப் பெரிய அறை, அது குட்டி பொம்மை, சோழி, சொப்பு சாமானுக்கு நல்லாருக்கும். ஆழம் ஒரு இன்ச் சுமார்தான், அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்க சாமானை அளந்துட்டுப் போங்க.

வாங்கும்போது கேஸைத் திருப்பித் தட்டிப் பாருங்க. மாவு மாதிரி தூள் கொட்டுனா உளுத்துப் போயிருக்கு, வண்டு உள்ள இருக்குன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு ஓட்டைன்னா ஹார்டுவேர் கடைல மர வண்டுக்கு விக்கிற மருந்தை சிரிஞ்ச்ல ஏத்தி சரி பண்ணலாம், பலகை முழுக்க சல்லடையா இருந்தா விட்டுருங்க, வீட்டு மரச்சாமானுக்கெல்லாம் பரவிடும்.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம். அச்செழுத்து ஈயம், ஆன்டிமணி, வெள்ளீயம் மூணும் கலந்த உலோகம், பெரும்பங்கு ஈயம். வருஷக்கணக்கா அந்தத் தூள் அறை மூலைல படிஞ்சிருக்கும். ஈயம் உடம்புக்குள்ள போனா குழந்தைங்க மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதனால ஈரம் இல்லாம காய்ஞ்சபடியே பிரஷ்ஷால தட்டாதீங்க, சாதாரண வேக்யூம் கிளீனர் போடாதீங்க, உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. வெளில, மொட்டைமாடில வச்சு, கிளவுஸ், என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்ட தண்ணில துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒவ்வொரு அறையா துடைங்க. மூலைக்கு ஈர இயர்பட்ஸ். துணி கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும். துடைச்ச துணியை எல்லாம் கவர்ல கட்டிப் போட்டுருங்க, திரும்ப உபயோகிக்காதீங்க. உள்ள எழுத்து ஏதாவது மிச்சம் கிடந்தா பத்திரமா டப்பால மூடி வைங்க, குழந்தை கைல குடுக்காதீங்க. நிழல்ல ரெண்டு மூணு நாள் காயட்டும்.

காய்ஞ்சதும் வார்னிஷ் இல்லன்னா பிரெஞ்ச் பாலிஷ் ரெண்டு கோட், மிச்சம் இருக்கிற தூளை அது மரத்தோட அமுக்கிடும். பெயின்ட் மட்டும் அடிச்சுராதீங்க ப்ளீஸ். சில கேஸ்ல அறை ஓரத்துல எந்த எழுத்துன்னு மசில எழுதியிருக்கும், ஒட்டின பேப்பர் இருக்கும், ஒரு மனுஷன் தினமும் கை வச்சு தேய்ஞ்ச பள்ளம் தெரியும், அதெல்லாம் போச்சுன்னா வெறும் பலகைதான். அறை பத்தலன்னு தடுப்பை வெட்டி எடுக்கிறதும் வேண்டாம்.

வாசனை முழுசா போனதுக்கப்புறம் அடுக்குங்க. என்கிட்ட 1943லேர்ந்து 47 வரைக்கும் வந்த ஓட்டைக் காலணா, 1957க்கு அப்புறம் வந்த நயா பைசா, அறுகோண 3 பைசா எல்லாம் இருக்கு. காசை மரத்துல நேரா வைக்காதீங்க, மரத்துலேர்ந்து வர்ற ஆவி உலோகத்தைக் கெடுக்கும், காயின் கேப்சூல்ல (காசு வைக்கிற வட்டமான பிளாஸ்டிக் டப்பி) போட்டு, கேப்சூல் முதுகுல மட்டும் பிச்சு எடுக்கிற மாதிரி ஒட்டுற புட்டியை (putty) வச்சு நிறுத்துங்க. புளி போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடாதீங்க, காசோட பழமையே போயிரும். பொம்மைக்கும் பெவிகால் வேண்டாம், நாளைக்கு இடம் மாத்தணும்னா உடைஞ்சுதான் வரும்.

மாட்டுறதுல நான் ஒரு தடவை தப்பு பண்ணிட்டேன், பின் பலகைல கொக்கி அடிச்சேன், நாலாம் நாள் ராத்திரி பலகை மட்டும் செவுத்துல தொங்குது, கேஸ் கீழ, ரெண்டு மண் சொப்பு தூள் தூள். பின் பலகை மெலிசு, சின்ன ஆணில ஒட்டிக்கிட்டிருக்கும், எடை தாங்காது. பக்கச் சட்டத்துல தகடு வச்சு ஸ்க்ரூ போடுங்க, செவுத்துல டிரில் பண்ணி பிளாஸ்டிக் பிளக் இறக்குங்க, அடில ரெண்டு எல் ஆங்கிள் தாங்கு குடுங்க. இழுக்கிற கைப்பிடி கீழ வர்ற மாதிரி மாட்டுனா பார்க்க அழகு. பாத்ரூம் செவுரு, சாயங்கால வெயில் படுற செவுரு ரெண்டும் வேண்டாம்.

முன்னாடி 3 எம்எம் அக்ரிலிக் ஷீட் வெட்டி, கண்ணாடி கிளிப் நாலு வச்சு மூடிருங்க, தூசியும் பல்லியும் உள்ள வராது, குழந்தைங்க கையும் மரத்துல படாது. கிளிப்பைத் திருப்பினா ஷீட் கையோட வந்துரும், புதுசா ஒரு காசு கிடைச்சா அஞ்சு நிமிஷத்துல உள்ள வச்சுரலாம்.