வடக்கு இங்கிலாந்தில் ரயிலேறுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு முறையாவது ரயிலில் பணத்தைத் தொலைக்கிறார்கள். திருட்டுப்போய் அல்ல, டிக்கெட் விதி தெரியாமல். போன மாதம் தெரிந்த பையன் ஒருவன் ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டான், முன்னால் ஒரு ரயில் நின்றிருந்தது, ஏறிவிட்டான். அவன் கையில் இருந்தது அட்வான்ஸ் டிக்கெட். அந்த டிக்கெட்டில் எந்த ரயில் போட்டிருக்கிறதோ அதில் மட்டும்தான் போகலாம், அதற்கு முந்தையதும் கூடாது, பிந்தையதும் கூடாது. வண்டியிலேயே முழுக் கட்டணத்துக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. பதினோரு வருடமாக இந்தப் பக்கத்து லோக்கல் ரயில்களில் வேலைக்குப் போய் வருகிறவன் என்பதால் இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் டிக்கெட். அட்வான்ஸ் விலை குறைவு, ஆனால் நடுவழியில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிற வேலை அதில் நடக்காது. எனிடைம் டிக்கெட்டில் எந்த நேரமும் போகலாம், விலைதான் வலிக்கும். நடுவில் இருக்கிற, கூட்ட நேரத்தைத் தவிர்த்துப் போகிறவர்களுக்கான ஆஃப்-பீக் டிக்கெட்டில்தான் பெரும்பாலானோர் மாட்டுகிறார்கள், ஏனென்றால் "ஆஃப்-பீக் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது" என்ற கேள்விக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. தடத்துக்குத் தடம் மாறும். காலை கெடுபிடி முடிந்தால் அப்புறம் கவலை இல்லை என்றும் நினைக்க முடியாது, சில நகரங்களைச் சுற்றி மாலையில் ஆபீஸ் விடும் நேரத்திலும் ஆஃப்-பீக் செல்லாது. டிக்கெட்டில் சின்ன எழுத்தில் ஒரு தடைக்குறியீடு இருக்கும், அதை நேஷனல் ரெயில் தளத்தில் போட்டுப் பார்த்தால் எந்த ரயில்கள் கூடாது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, ஒருவழி டிக்கெட் வாங்குவதற்கு முன் ரிட்டர்ன் விலையையும் பாருங்கள். பல தடங்களில் இரண்டுக்கும் ஒரு பவுண்ட்கூட வித்தியாசம் இருக்காது. அப்புறம், சில செயலிகள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகச் சேவைக் கட்டணம் பிடிக்கின்றன. ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் அந்தக் கட்டணம் இல்லை, அங்கே எந்த நிறுவனத்தின் ரயிலுக்கும் டிக்கெட் வாங்கலாம்.

ரயில்கார்டு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகளை அதிகம் அழவைப்பது அதுதான். இளைஞர்கள் வாங்கக்கூடிய தள்ளுபடி அட்டையான 16-25 ரயில்கார்டு இருந்தால் டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நல்ல விஷயம், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4:30 முதல் 10 மணி வரை அதற்கு 12 பவுண்ட் என்று ஒரு குறைந்தபட்சக் கட்டணம் இருக்கிறது (ஜூலை, ஆகஸ்டில் இல்லை). அதாவது காலை 8 மணிக்குப் போகிற எனிடைம் டிக்கெட்டின் முழு விலையே 9 பவுண்ட் என்றால், அந்த 9 பவுண்டையும் கொடுக்க வேண்டும், தள்ளுபடி கிடையாது. செயலி என்ன செய்யும்? எனிடைம் டிக்கெட்தானே என்று சில நேரம் தள்ளுபடி போட்டு விற்றுவிடும். வாங்குகிறவருக்குச் சந்தேகமே வராது, "எனிடைம்" என்றால் எந்த நேரமும் என்றுதானே அர்த்தம்! 2024-ல் இதே வலையில் சிக்கிய ஒரு பட்டதாரி இளைஞரின் கதை பத்திரிகைகளில் வந்தது. இரண்டு பவுண்டுக்கும் குறைவான வித்தியாசத்துக்காக அவர்மீது வழக்குப் போடப்போவதாகக் கடிதம் போயிருந்தது. செய்தி பரவிய பிறகு கைவிட்டார்கள். அநியாயமான விதி என்பதுதான் என் கருத்து, ஆனாலும் விதி இருக்கிறவரை காலை 10 மணிக்கு முன்னால் ரயில்கார்டை யோசித்துப் பயன்படுத்துங்கள்.

அப்படி ஒரு கடிதம் வந்துவிட்டால் செய்யக்கூடாதது, பயந்துபோய் அதைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவைப்பது. இங்கிலாந்தில் சரியான டிக்கெட் இல்லாமல் போனால் விதிக்கிற அபராதக் கட்டணம் 100 பவுண்டும் அந்தப் பயணத்தின் ஒருவழிக் கட்டணமும் சேர்ந்தது. 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகிவிடும். மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. பதிலே போடாவிட்டால்தான் விஷயம் நீதிமன்றம் வரை நீளும். நிறுவனம் அனுப்புவதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங், ரயில் நிறுவனங்கள் தவறான நடைமுறையில் போட்ட வழக்குகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். சுமார் 74,000 வழக்குகள். அத்தனை பேரில் எத்தனை பேர் வாய் திறக்காமல் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஊர்ப்பெயரை மட்டும் பார்த்து ஏறுவதும் தவறு. மான்செஸ்டரில் பிக்காடிலி, விக்டோரியா, ஆக்ஸ்ஃபோர்டு ரோடு என்று தனித்தனி ஸ்டேஷன்கள். பிராட்ஃபோர்டில் இன்டர்சேஞ்ச் ஒன்று, ஃபார்ஸ்டர் ஸ்குவேர் ஒன்று. வேக்ஃபீல்டில் வெஸ்ட்கேட், கிர்க்கேட். வாரிங்டனில் சென்ட்ரல், பேங்க் கீ. விகனில் இரண்டு ஸ்டேஷனும் ஒரே தெருவில் இருப்பதால் தப்பித்தீர்கள், மற்ற ஊர்களில் பெட்டியோடு ஓட வேண்டும். பிக்காடிலிக்குள்ளேயே 13, 14-ஆம் பிளாட்ஃபார்ம்கள் தள்ளி ஒரு ஓரத்தில் இருக்கின்றன. அங்கே வண்டி மாறுவதாக இருந்தால் நாலு நிமிடம் போதும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஸ்பிளிட் டிக்கெட், அதாவது ஒரே பயணத்துக்கு இரண்டு மூன்று டிக்கெட்டாக உடைத்து வாங்குவது, சட்டப்படி சரி, பல நேரம் நல்ல லாபமும்கூட. நிபந்தனை ஒன்றே ஒன்று: டிக்கெட் எந்த ஸ்டேஷனில் முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறதோ அந்த ஸ்டேஷனில் ரயில் நிற்க வேண்டும். நீங்கள் இறங்க வேண்டியதில்லை, ரயில் நின்றால் போதும். நிற்காமல் பறக்கிற ரயிலில் உட்கார்ந்திருந்தால் உங்களிடம் டிக்கெட் இல்லாத மாதிரிதான்.

தாமதத்துக்கு வருகிறேன். இங்கே ரயில் தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்கும், டிலே ரீபே என்று பெயர். பெரும்பாலான நிறுவனங்களில் 15 நிமிடத் தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு முழுசும், இரண்டு மணி நேரம் தாண்டினால் ரிட்டர்ன் விலை முழுவதும். தாமதத்துக்கு யார் காரணம், மழையா மாடா என்பது கணக்கில் வராது. 28 நாளுக்குள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு இருந்தும் என்னோடு தினமும் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பதே இல்லை. "மூணு பவுண்டுக்கு யார் ஃபாரம் போடுறது" என்கிறார்கள். ஒரு குளிர்காலத்தில் நான் கணக்கு வைத்துப் பார்த்தேன், நாலு மாதத்தில் எனக்குத் திரும்பி வந்தது ஒரு நல்ல மழைக்கோட்டின் விலை. இதில் தவறு நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது: ரயில் எவ்வளவு தாமதம் என்று எழுதுவார்கள். அது இல்லை, நீங்கள் போய்ச் சேர எவ்வளவு தாமதம் என்பதுதான் கணக்கு. முதல் ரயில் எட்டே நிமிடம் தாமதமாகி, அதனால் அடுத்த ரயில் தவறி, கடைசியில் ஒரு மணி நேரம் கழித்து வீடு சேர்ந்தால், ஒரு மணி நேரத்துக்கு எழுதுங்கள், முதல் ரயிலை ஓட்டிய நிறுவனத்திடம். எனக்கு ஒரு முறை இப்படித்தான் கேட்டு, "எங்கள் ரயில் எட்டு நிமிடம்தான் தாமதம்" என்று மறுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை இரண்டு ரயில்களின் நேரத்தையும் எழுதி, டிக்கெட் படத்தையும் வைத்து அனுப்பினேன், முழுப் பணமும் வந்தது. காகித டிக்கெட்டைச் சில ஸ்டேஷன்களில் கேட் விழுங்கிவிடும், அதற்கு முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். பல நிறுவனங்களில் ஊழியர்களுக்கு ஞாயிறு வழக்கமான வேலை வாரத்தில் சேராது, விருப்பப்பட்டு வந்தால்தான் வண்டி. தண்டவாளப் பராமரிப்பும் அன்றுதான் அதிகம் நடக்கும். முதல் நாள் இரவு ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ரியல்டைம் ட்ரெயின்ஸ் என்ற தளத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன், எந்த ரயில் எந்த இடத்தைக் கடந்தது, எந்த பிளாட்ஃபார்ம், பின்னால் சரக்கு வண்டி வருகிறதா என்பது வரை அதில் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று ரயிலே ஓடாது, மறுநாளும் பெரும்பாலான தடங்களில் ஓடாது. ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுகிற நாளில் சைக்கிளோடு போனால் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தும் இந்த ரயில்கள்மீது எனக்கு இருக்கிற பாசம் குறையவில்லை, நீங்களும் ஜன்னல் சீட் பிடித்துப் பாருங்கள். ஆனால் சரியான பக்கம் பிடியுங்கள். கார்ன்ஃபோர்த்திலிருந்து பாரோ போகிற வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்தால் மார்கம் வளைகுடா முழுவதும் உங்களுக்குத்தான், ஆர்ன்சைட் பாலத்தில் ரயில் தண்ணீர்மேல் போகிற மாதிரியே இருக்கும். தெற்கிலிருந்து நியூகாசில் போகும்போது டரம் கதீட்ரல் வலது பக்கம். கம்பர்லாந்து கடற்கரையில் சில குட்டி ஸ்டேஷன்களில் கேட்டால் மட்டும்தான் ரயில் நிற்கும். பிளாட்ஃபார்மில் நின்று டிரைவருக்குத் தெரிகிற மாதிரி கையை நீட்ட வேண்டும், இறங்குவதென்றால் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் ரயில் போய்விடும்.

லீட்ஸிலிருந்து செட்டில் வழியாகக் கார்லைல் போகிற தடத்தில் இரண்டு தவறுகள். ஒன்று, ரிபிள்ஹெட் பாலத்தை ரயிலுக்குள் இருந்தே பார்த்துவிடலாம் என்று நினைப்பது. 24 வளைவுகள், 30 மீட்டருக்கும் மேலான உயரம், அதன்மேல் போகிறவருக்கு அதன் அழகு தெரியாது. ரிபிள்ஹெட் ஸ்டேஷனில் இறங்கி நடந்து கீழே போய் நிமிர்ந்து பாருங்கள், ஆனால் அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம், சாப்பாடும் மழைக்கோட்டும் கையில் இருக்கட்டும். இரண்டாவது, டென்ட் கிராமத்தைப் பார்க்க டென்ட் ஸ்டேஷனில் இறங்குவது. இங்கிலாந்தின் முக்கியத் தடங்களில் மிக உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன் அது, 1,150 அடி. கிராமமோ கீழே பள்ளத்தாக்கில், சுமார் 4 மைல் தள்ளி. போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம்.

நீராவி எஞ்சின் வருகிறதென்று கேமராவோடு போகிறவர்கள் வேலியைத் தாண்டவே தாண்டாதீர்கள். 2016-ல் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற புகழ்பெற்ற நீராவி எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்த நாளில், படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கியவர்களால் அந்த ரயிலையே நிறுத்த வேண்டிவந்தது. பிடிபட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். உயிரே போகலாம். பிளாட்ஃபார்மிலும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், டிரைவருக்குக் கண் கூசும்.

கடைசியாக, "எழுதி என்ன ஆகப்போகிறது" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நிறுவனம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் பயணிகளின் புகார்களை விசாரிக்கிற ரயில் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. 2023-ல் டிக்கெட் கவுன்டர்களை மூடப்போகிறோம் என்றபோது சுமார் ஏழரை லட்சம் பேர் கருத்து அனுப்பினார்கள், அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். செட்டில்–கார்லைல் தடத்தையும் 1980-களில் மூடப்பார்த்தார்கள், ஆயிரக்கணக்கானோர் எதிர்த்து எழுதினார்கள், 1989-ல் தடம் பிழைத்தது. அந்த எதிர்ப்பு மனுக்களில் ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் ஒரு நாயின் கால்தடம் இருந்தது. ரஸ்வார்ப் என்று அதற்குப் பெயர், அதுவும் அந்தத் தடத்தில் எஜமானரோடு போய்வந்த பயணிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். கார்ஸ்டேல் ஸ்டேஷன் பிளாட்ஃபார்மில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் ஜன்னல் வழியாகப் பாருங்கள்.