இனிப்போடு நார்ச்சத்து: எது, எவ்வளவு, எப்போது

இனிப்பு சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை எகிறாமல் இருக்க நார்ச்சத்து உதவும். எல்லா நாரும் அல்ல, தண்ணீரில் ஊறிக் கூழாகிற நார் மட்டும். இசப்கோல் உமி, குவார் (கொத்தவரை விதை) பிசின், ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் ஆகியவை அந்த வகை. இந்தக் கூழ் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சிறுகுடலில் சர்க்கரை சுவரை எட்டுவதையும் மெதுவாக்குகிறது. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேர்வதால், கணையம் ஒரேயடியாக இன்சுலினைக் கொட்ட வேண்டியிருக்காது. கோதுமைத் தவிடு மலச்சிக்கலுக்கு நல்லது, ஆனால் கூழாகாது. இனுலின் என்ற நார் (இன்சுலின் அல்ல) கரையும், கெட்டியாகாது. எனவே அட்டையில் எத்தனை கிராம் நார் என்பதோடு, எந்த நார் என்றும் பாருங்கள்.

5 கிராம் இசப்கோல் உமியை 240 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் மடமடவென்று குடித்துவிட்டு இனிப்பைச் சாப்பிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் 2 கிராமோடு நிறுத்துவது நல்லது. இல்லையென்றால் வயிறு உப்பும். தண்ணீரைக் குறைத்தால் உமி தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளலாம். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் இதைத் தொடவே கூடாது. மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். கூழ் மருந்தையும் பிடித்து வைக்கும். இனிப்பு சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடித்தால் பெரிய பலன் இல்லை. அதற்குள் சர்க்கரை ரத்தத்துக்குப் போகத் தொடங்கியிருக்கும்.

ஓட்ஸில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. உணவுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவதைக் குறைக்க, 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா குளுக்கன் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்ற அளவு. 4 கிராம் கிடைக்க ஏறக்குறைய 100 கிராம் ஓட்ஸ் வேண்டும். அதிலேயே சுமார் 60 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். ஆகவே ஓட்ஸை இனிப்புக்கு மேல் சேர்க்காதீர்கள். உணவின் வேறொரு பங்குக்குப் பதிலாக வையுங்கள்.

பழத்தை மென்று தின்னுங்கள், சாறாக்க வேண்டாம். 1977இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே அளவு சர்க்கரையுள்ள ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். சாறு குடித்தபோது இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. பிறகு ரத்தச் சர்க்கரை கூடுதலாகச் சரிந்தது.

உங்கள் உடலில் பலிக்கிறதா என்று குளுக்கோமீட்டரால் பார்க்கலாம். இரண்டு வெவ்வேறு நாள் வெறும் வயிற்றில், அதே இனிப்பு, அதே எடை. ஒரு நாள் நாரோடு, மறுநாள் நாரில்லாமல். சாப்பிடும் முன்பும், பிறகு 30, 60, 90, 120 நிமிடங்களிலும் அளவிடுங்கள். உச்சம் தாழ்ந்து, தள்ளிப் போயிருந்தால் பலித்திருக்கிறது. 120ஆவது நிமிடத்தில் நாரோடு எடுத்த அளவு சற்றுக் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். நார் சர்க்கரையை அழிப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. தாமதமாக வந்தது அப்போது தெரிகிறது.

இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். மருந்து முந்தி, சர்க்கரை பிந்தினால் தாழ்சர்க்கரை (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) வரும். அப்படி வந்தால் 15 கிராம் குளுக்கோஸை மட்டும் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அந்த நேரத்தில் எந்த நாரும் கூடாது.